ஒற்றை ஆளுக்கு ஒரு ஆம்ப்ளிபயர்

மகனே,

நீ கேட்ட பெட்டியைக் கொரியரில் அனுப்பமாட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ எதையும் கடைசிவரை படிக்கிறவன் இல்லை. போன வாரம் போனில், "எப்பா, அந்த ஹெட்போன் ஆம்ப் அங்கன மேசையில சும்மாதான கெடக்கு. நல்லா துணி சுத்தி கொரியர்ல போட்டுவிட்டுருங்க, கெளம்பும்போது எடுத்துட்டுப் போயிருதேன்" என்றாய். சும்மா கிடக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? அடுத்த மாதம் நீயும் மருமகளும் கனடாவுக்குக் கிளம்புகிறீர்கள். கோவில்பட்டிக்கு வந்துபோக நேரமில்லை. வேண்டுமானால் நாங்கள் பெங்களூருக்கு வந்து விமான நிலையத்தில் வழியனுப்பலாம். பெட்டி மட்டும் கொரியரில் வந்தால் போதும். இவ்வளவுதான் நீ சொன்னது. நான் சொல்வதும் இவ்வளவுதான். பெட்டி வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் அது இங்கேயே இருக்கும்.

இதை உன் போனுக்கு நாலு வரியில் அனுப்பியிருக்கலாம். எனக்கு ஒருத்தர் காதில் மட்டும் பேசிப் பழக்கமில்லை. மைக் செட் கட்டியவன் நான். என் வாழ்நாள் முழுக்க ஊருக்கே கேட்கிற மாதிரி பேசியிருக்கிறேன், மற்றவர்களையும் பேச வைத்திருக்கிறேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். உன்னைப் போல ஊரைவிட்டுக் கிளம்புகிற மற்ற பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை, அதனால் உனக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அந்தப் பெட்டி இந்த வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உங்கள் கம்பெனியில் சொல்லி, நீ ஒரு பையோடு வந்து இறங்கிய காலம் அது. முன்னறையில் சுவரைப் பார்த்துக் கிடந்த என்னுடைய ரிப்பேர் மேசையில் பாதியை நீ எடுத்துக்கொண்டாய். சால்டரிங் இரும்பையும் மீட்டரையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பைக்குள்ளிருந்து செங்கல் அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தாய். முன்பக்கம் ஒரே ஒரு திருகு, பெரிதும் சிறிதுமாக இரண்டு துளைகள், ஒரு சின்ன விளக்கு. "என்னலே இது?" என்று கேட்டேன். "ஆம்ப்ளிபயர்ப்பா" என்றாய். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். என் தொழிலைக் கண்டாலே விலகிப்போன பிள்ளை, என் தொழில் சாமானைத் தன் கைக்காசு போட்டு வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "ஸ்பீக்கர் எங்க?" என்றேன். "ஸ்பீக்கர் கெடையாதுப்பா. இது ஹெட்போனுக்கு மட்டும்தான்."

"ஒத்த ஆளு கேக்கதுக்கு ஒரு ஆம்ப்ளிபயரா? ஒரு இட்டிலி அவிக்கதுக்கு எவனாச்சும் கல்யாண அண்டாவ அடுப்புல ஏத்துவானாலே?"

நீ சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னாய். "போன்ல நேரா மாட்டுனா இந்த ஹெட்போனுக்குத் தெம்பு பத்தாதுப்பா. இது சத்தத்தக் கூட்டதுக்கு இல்ல. பாட்டுக்குள்ள சன்னமா கெடக்குல்லா, அது தனியா தெளிவா கேக்கும். அதுக்குத்தான்." தெம்பு பத்தாது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் காதில் விழுந்தது. தெம்பைக் கொடுக்கிற சாமான் என்றால் அதைச் சோதித்துப் பார்க்கிற விதம் எனக்குத் தெரியும். நீ குளிக்கப் போன நேரத்தில் பின்கட்டிலிருந்து ஒரு குழாய் ஸ்பீக்கரைத் தூக்கி வந்து, வயரைச் சீவி, உன் பெட்டியின் பெரிய துளையில் மாட்டித் திருகைத் திருப்பினேன். கல்யாண வீட்டில் நாலு தெருவுக்குக் கேட்ட குழாயில் ஒரு கொசு பாடியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். உள்ளே "டிக்" என்றது, கொசுவும் நின்றுபோனது.

நீ இடுப்பில் துண்டோடு ஓடி வந்தாய். "எப்பா! கொழாய எதுக்கு அதுல மாட்டுனிய?"

"ஆம்ப்ளிபயர்னு சொன்னியே, பாத்தேன். ஒரு கொழாயத் தூக்க ஏலாதது என்ன ஆம்ப்ளிபயரு?"

"அய்யோ, அது அதுக்கு இல்லப்பா!"

அடுப்படியிலிருந்து உன் அம்மா, "அப்பனும் மவனும் இந்த வீட்டுல எதையாச்சும் சத்தமில்லாம செய்யுதியளா?" என்றாள். பெட்டி கெட்டுப்போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானே உயிர் பெற்றது. ஆனாலும் நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போதும் சொல்கிறேன், நான் சோதித்தது சரிதான். எந்த ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கர் கட்டித்தான் பார்க்க வேண்டும். வேறு விதத்தில் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

எனக்கு எதையும் யாரும் சொல்லித் தந்ததில்லை. பழைய வால்வு ரேடியோ ஒன்றைத் திறந்து, கைநிறைய ஷாக் வாங்கி, நானாகக் கற்ற தொழில் இது. கரிசல் காட்டு ஊர்களில் குழாய் கட்டுவதற்குத் தனிப் புத்தி வேண்டும். தடுக்க மலை இல்லை, தோப்பு இல்லை. கம்பங்காட்டைத் தாண்டி, பருத்திக்காட்டைத் தாண்டிச் சத்தம் அடுத்த ஊருக்குள் போய் நிற்கும். அதனால் எவ்வளவு சத்தம் வைக்கிறோம் என்பதைவிட, குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு வீட்டில் சாவு விழுந்திருந்தால் அந்தத் திசைக்குக் குழாயின் முதுகைக் காட்டிக் கட்டுவேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தாலும், பிரசவித்தவள் படுத்திருந்தாலும் அப்படித்தான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். நான் குறைத்ததே இல்லை. திருப்பியிருக்கிறேன்.

உன் அம்மாவை நான் பார்த்ததே இதனால்தான். ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிற பெண்களுக்குப் பாட்டுப் போட வேண்டும் என்று அந்த முதலாளி என்னைக் கூப்பிட்டு, கூரைக்கடியில் இரண்டு குழாய் கட்டச் சொன்னார். கட்டி, பாட்டை ஓடவிட்டு, பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். குச்சி அடுக்குகிற வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். "இந்தாங்க அண்ணாச்சி, எங்க தலைக்கு மேல கட்டியிருக்கியளே, காது உங்களுக்கு வேண்டாம்னா எங்களுக்கும் வேண்டாமா? கொறைங்க." குறைக்க முடியாது என்றேன். "அப்ப ஏணிய எடுத்துட்டு வாங்க, நானே வயர அத்து விடுதேன்" என்றாள். ஏணியைக் கொண்டுவந்து நானே ஏறினேன். சத்தத்தைத் தொடவில்லை, குழாயை மட்டும் வாசல் பக்கம் திருப்பி வைத்து இறங்கினேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, "ம், இப்ப தேவல" என்று போய் உட்கார்ந்தாள். பிறகு பெண் கேட்டுப் போனபோது, "அந்தக் கொழாய்க்காரரா? கொறைக்க மாட்டாவ, ஆனா சொன்னாத் திருப்புவாவ" என்று தன் வீட்டில் சொன்னாளாம். இத்தனை வருஷமாக அந்தக் கணக்கில்தான் எங்கள் குடித்தனம் ஓடுகிறது. நீயும் கல்யாணமானவன், அதனால் சொல்லுகிறேன். உன் பிடிவாதத்தை விட வேண்டாம், என்னாலும் விட முடியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரிந்துகொள்.

உனக்குக் குழாய் பிடிக்காமல் போனது எப்போது என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் வேன் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிப் படுத்து அசந்து தூங்குகிற பிள்ளையாகத்தான் இருந்தாய். மேலே ஊரே அதிர்ந்தாலும் உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு நான் செட் கட்ட வந்தபோது உன் வகுப்புப் பையன்கள், "ஏலே கொழாய், உங்கய்யா வந்திருக்காருலே" என்று கத்தினார்கள். அன்று நீ காதைப் பொத்திக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாய். அதற்குப் பிறகு வேனில் ஏறவில்லை. அந்தக் குழாய்தான் உன்னைப் படிக்க வைத்தது என்று மட்டும் சொல்லிக்கொள்ளுகிறேன். உன் கல்யாணத்திலும் குழாய் வேண்டாம், மண்டபத்துக்குள்ளேயே மெல்லிசாக நாதஸ்வரம் மட்டும் போதும் என்றாய். ஊரில் எத்தனையோ பேர் பிள்ளைகள் கல்யாணத்தை ஊருக்குச் சொன்ன என் குழாய்கள், என் பிள்ளை கல்யாணத்தன்று பின்கட்டில் சாக்குக்கடியில் கிடந்தன. வந்தவர்களெல்லாம், "என்ன அண்ணாச்சி, உங்க வீட்டு விசேஷம் ரகசியமாவா நடக்கு?" என்று கேட்டார்கள். சிரித்து வைத்தேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அந்தக் கல்யாணத்தில் நம் சொந்தக்காரர்கள் மருமகளுக்குச் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. நீ எரிச்சல்பட்டு நடுவில் எழுந்து போய்விட்டாய், அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. உனக்கு அப்போது நாலு வயசு இருக்கும். உன் அம்மாவும் நீயும் என்னோடு வேனில் வந்திருந்தீர்கள். வில்லுப்பாட்டு நடக்கிறது, அதை முழுசாகப் பதிவு செய்து தர வேண்டும் என்று கோவில் கமிட்டிக்காரர்கள் சொல்லியிருந்ததால், ஆம்ப்ளிபயரிலிருந்து வயர் இழுத்து டேப்பில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஓலைப் பந்தலுக்குள் நான் மேசையைப் பார்த்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். மைக் செட்காரன் எப்போதும் அப்படித்தான் உட்காருவான். அன்றைக்கு ஜெனரேட்டர் சரியில்லை. வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, மீட்டர் முள் பேய் பிடித்தது போல ஆடுகிறது. கண்ணை எடுத்தால் செட் போய்விடும். பாட்டுக்காரர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரம், கமிட்டி ஆள் ஒருத்தர் பின்னால் வந்து நின்றார். "அண்ணாச்சி, ஒரு சின்னப்பய அப்பன் ஆத்தாளக் காணாம நிக்கான். ஒரு அறிவிப்பு குடுங்க" என்றார். கொடை என்றால் இது வழக்கம்தான். காணாமல் போகிற பிள்ளையெல்லாம் மைக் செட்டுக்குத்தான் வந்து சேரும். முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு கையால் மைக்கை எடுத்து, "என்ன சட்டை?" என்றேன். "நீலச் சட்டை" என்றார். உடனே நான் என் அறிவிப்புக் குரலில், நீலச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் மைக் செட் அருகே அழுதுகொண்டு நிற்கிறான், சிறுவனின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே வந்து அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று சொன்னேன். யாரும் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். "பிள்ளையைக் கவனிக்காமல் விட்ட பெற்றோரே" என்று கொஞ்சம் கடுமையாகவும் சேர்த்தேன்.

உன் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "ஏங்க! உங்க பிள்ளைய நீங்களே ஊருக்கு ஏலம் போடுதியளா?" என்று அவள் கேட்டது மைக்கில் விழுந்து, கிராமம் முழுக்க, காட்டைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போனது. அப்போதுதான் திரும்பினேன். என் நாற்காலிக்குப் பின்னால், என் சட்டை நுனி எட்டுகிற தூரத்தில், மூக்கு ஒழுகிக்கொண்டு நீ நின்றாய். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பக்கம் எங்கே செட் கட்டப் போனாலும், "அண்ணாச்சி, உங்க பிள்ள பத்திரமா இருக்கானா, பாத்துக்கிட்டியளா?" என்று கேட்காத ஆள் இல்லை. நம் வீட்டிலும் அது சிரிப்புக் கதையாகவே நின்றுவிட்டது. நீ மட்டும் அந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. சிறு பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது, வெட்கப்படுகிறான் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். நீ பெங்களூருக்குத் திரும்பிப் போனபோது, கையடக்கமாக வேறொன்று வாங்கிவிட்டதால் இதையும் பெரிய ஹெட்போனையும் மேசையிலேயே விட்டுப் போனாய். நான் அதைத் தொடவில்லை. தொழிலும் அதற்குள் ஓய்ந்துவிட்டது. குழாய் கட்டக் கூடாது என்று தடை வந்தது. பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. என் இடது காதும் மந்தமாகிவிட்டது. டிவியை நான் கேட்கிற அளவுக்கு வைத்தால் உன் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். ஒருநாள் அவள்தான், "அந்தப் பய வச்சிட்டுப் போன தலைமாட்டிய எடுத்து மாட்டிக்கிட்டு என்னத்தையாவது கேளுங்களேன், எங்க காதாவது பொழைக்கட்டும்" என்றாள். கோபத்தில்தான் எடுத்து மாட்டினேன். என் பழைய கேசட் டெக்கிலிருந்து வயர் இழுத்து உன் பெட்டியில் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் உடனே சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டு, பிறகு "டிக்" என்று திறந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவசரப்படாத சாமான். திருகைக் கால்வாசி கூடத் திருப்பவில்லை. பாட்டுக்காரர் பாடத் தொடங்கும் முன்னால் உதட்டை ஈரப்படுத்துகிற ஒலி கேட்டது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் அதில்தான் உட்காருகிறேன். கோடைக்காலத்தில் ஒரு தொந்தரவு வந்தது. அடியில் "உம்" என்று ஓர் இரைச்சல். போனில் உன்னிடம் சொன்னேன். ஆன்லைனில் ஏதோ ஒன்று வாங்கி நடுவில் மாட்டச் சொன்னாய். நான் கொல்லைப்புறம் போய் எர்த் குழியைப் பார்த்தேன். வெயிலுக்குக் கரிசல் மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்து, எர்த் கம்பி மண்ணைத் தொடாமல் ஆடிக்கொண்டு நின்றது. உப்பும் கரியும் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். மண் குடித்து, பொருமி, கம்பியைப் பிடித்துக்கொண்டது. இரைச்சல் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். கொஞ்சம் இருக்கிறது. நீ சொன்னதையும் ஒருவேளை வாங்க வேண்டியிருக்கலாம். வாங்கமாட்டேன். தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு சாக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

பரணில் கிடந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, பூஞ்சை துடைத்து, போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். போன மாதம் அந்தப் புதூர்ப் பக்கத்துக் கொடை கேசட் கைக்கு வந்தது. கமிட்டிக்குக் கொடுத்தது நகல். மூலம் என்னிடம்தான் இருந்தது. சிரிப்பதற்காகவே அதை நாங்கள் எத்தனையோ தடவை வீட்டு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறோம். எனக்கு அது மனப்பாடம். வில்லுப்பாட்டு நிற்கும், கமிட்டி ஆள் பேசுவார், நான் அறிவிப்பேன், உன் அம்மா வருவாள், ஊர் சிரிக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சிரிக்கத் தயாராக உட்கார்ந்தேன்.

கமிட்டி ஆள் பேசி முடித்தார். என் குரல் தொடங்கியது. ஆனால் என் குரலுக்கு அடியில் வேறொரு குரல் இருந்தது. ஸ்பீக்கரில் ஒருநாளும் கேட்காத குரல். கையிலிருந்த மைக், என் பின்னால் நடந்ததையும் கொஞ்சம் பிடித்து வைத்திருந்திருக்கிறது. கமிட்டி ஆள் குனிந்து கேட்கிறார். "உங்கப்பா யாருலே?" ஒரு பிள்ளை சொல்கிறது, "இவியதான்." அவருக்குப் புரியவில்லை. "மைக் செட்டு மாமாவக் காட்டாத. உங்கப்பா பேரச் சொல்லு." மறுபடியும் அந்தப் பிள்ளை, "இவியதான். இவியதான் எங்கப்பா." பிறகு என்னைப் பார்த்து, "எப்பா." அதன்மேல் என் குரல், பெரிதாக, கம்பீரமாக, சிறுவனின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே வரவும். அதற்கடியில், "எப்பா. எப்பா." நான் இரண்டாவது தடவை அறிவித்து, பெற்றோரைத் திட்டி முடித்த பிறகுதான் அழுகிற சத்தம் வருகிறது. அதுவரை நீ அழவில்லை. அழுதுகொண்டு நிற்கிறான் என்று நான் ஊருக்குச் சொன்னது பொய்.

நீ காணாமல் போகவில்லை. அப்பாவைத் தேடி, அத்தனை கூட்டத்தில் சரியாகக் கண்டுபிடித்து, என் பின்னால் வந்து நின்றுவிட்டாய். மற்றவர்கள்தான் உன்னைக் காணாமல் போனவனாக ஆக்கினோம். நீ அந்தக் கதைக்கு ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அன்று நான் செய்தது தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. முள் ஆடிக்கொண்டிருந்தது. செட் போயிருந்தால் கொடை நின்றிருக்கும். தொழில் செய்கிறவன் மீட்டரைத்தான் பார்ப்பான். இதை யார் வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்.

அடுப்படியில் இருந்த உன் அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "தலைமாட்டியெல்லாம் எனக்கு வேண்டாம், எண்ணெய் ஒட்டும்" என்றாள். கட்டாயப்படுத்தி மாட்டிவிட்டேன். கேட்டாள். முதலில் ஒன்றும் பிடிபடாமல் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கேசட் சிரிப்புச் சத்தத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். கழற்றித் தருவாள் என்று கையை நீட்டினேன். கழற்றவில்லை. "திரும்பப் போடுங்க" என்றாள். சுற்றிவிட்டுப் போட்டேன். பாதியில் கையைத் தூக்கி, "கொஞ்சம் சத்தமா வைங்க" என்றாள்.

தீப்பெட்டி ஆபீஸில் ஏணி கேட்ட நாளிலிருந்து இன்றுவரை உன் அம்மா என்னிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னது அந்த ஒரு தடவைதான். கூட்டி வைத்தேன். கேட்டு முடித்துக் கழற்றிக் கொடுக்கும்போது, "என் பிள்ள அப்பவே தெளிவாத்தான் சொல்லியிருக்கான்" என்றாள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக உருட்டினாள்.

இப்போது உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நாங்கள் பெங்களூர் வந்திருந்தபோது ஒன்றைப் பார்த்தேன், அன்றைக்குச் சொல்லவில்லை. நீ உன் மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாய். மருமகள் ஒரு கப் காப்பியோடு வந்து உன் பின்னால் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நீ திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவங்களுக்குக் கேக்காது மாமா" என்று சொல்லி, கப்பை உன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உனக்கும் ஏதோ ஒரு முள் ஆடிக்கொண்டிருந்திருக்கும். உன் வேலை எனக்குத் தெரியாது. மாட்டாதே என்று சொல்லமாட்டேன். நானே மாட்டுகிறேன். கனடாவில் புது வீட்டுக்குப் போய் மேசை போடுகிறபோது அதைச் சுவரைப் பார்த்துப் போடாதே. கதவைப் பார்த்துப் போடு. காது அடைத்திருந்தாலும் கண் பார்க்கும். உனக்கு நான் சொல்லுகிற புத்தி இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பெட்டியை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அதில் மாற்றமில்லை. போனில் பதிவு செய்து அனுப்பினால் நீ அங்கிருந்தே கேட்கலாம் என்று மருமகள் சொல்லுவாள். அனுப்பமாட்டேன். அந்தக் குரல் என் கண்ணுக்கு முன்னால் உன் காதில் விழ வேண்டும். பெட்டியில் இரண்டு துளை இருக்கிறது. பெரியதில் உன் ஹெட்போன், சிறியதில் ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருந்த என்னுடைய பழைய ஹெட்போன். இரண்டிலும் ஒரே நேரத்தில் கேட்கிறது, சோதித்துவிட்டேன். ஒற்றை ஆளுக்கு ஒரு ஆம்ப்ளிபயரா என்று அன்று கேட்டேனே, அது ஒற்றை ஆளுக்கு இல்லை என்று நீயாவது சொல்லியிருக்கலாம். கேட்டு முடித்ததும் பெட்டியைத் துணி சுற்றி நானே உன் பையில் வைத்துத் தருகிறேன். நீ வருகிற அன்று கடம்பூர் போளி வாங்கி வைக்க வேண்டும் என்று உன் அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெங்களூரில் ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் இங்கே இறங்கிவிடலாம். ஒருநாள் இருந்துவிட்டுத் திரும்பு. அந்த விமானம் உங்களை விட்டுவிட்டுப் போய்விடாது.

ஒரே ஒரு விஷயம். வந்தால் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லையே என்று அங்கேயே நின்றுவிடாதே. மத்தியானமாக இருந்தால் ஹெட்போன் மாட்டியிருப்பேன், நீ கூப்பிடுவது கேட்காது. அதற்காக நேற்று உன் அம்மாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அந்த ரிப்பேர் மேசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் சுவரைப் பார்த்துக் கிடந்த மேசை. வயரெல்லாம் நீளம் பத்தாமல், புது வயர் இழுக்க வேண்டியதாயிற்று. இப்போது என் முதுகு சுவரைப் பார்த்து இருக்கிறது. முகம் வாசலைப் பார்த்து இருக்கிறது.

அப்பா